குதித்த பிள்ளைகளுக்குப் பவர் மைனஸில் வருகிறது, அவசரம்!

பிடி_மாஸ்டர்: வணக்கம். பிள்ளைகளைக் குதிக்க வைத்து, கால் தசையின் பவர் எத்தனை வாட் என்று எக்செலில் போடுகிறேன். எல்லாருக்கும் மைனஸ்! நாளைக்கு ஹெச்எம்மிடம் கொடுக்க வேண்டும். எங்கே தப்பு?

ஓட்டக்காரன்: எந்த ஃபார்முலா? என்ன வயசு? உயரத்தை எப்படி அளந்தீர்கள்? இது தெரியாமல் ஜோசியம்தான் பார்க்கணும்.

சாக்பீஸ்: சந்தேகமே இல்லை, கை வீச்சு. இடுப்பில் கை வைத்துக் குதிக்கச் சொல்லுங்கள்.

ஓட்டக்காரன்: கையை வீசினால் உயரம் கூடத்தானே செய்யும்? மைனஸ் எப்படி வரும்?

பிடி_மாஸ்டர்: ஆறாம் வகுப்பு. சேயர்ஸ் ஃபார்முலா, குதித்த உயரமும் எடையும் போட்டால் பவர் சொல்லும். மொபைலில் ஸ்லோமோஷன். ஒரு பையன் 32 கிலோ, -592.

நியூட்டன்_தாசன்: அடிப்படை தெரியாமல் எக்செலைத் திறந்தால் இப்படித்தான். காற்றில் இருந்த நேரத்தின் வர்க்கத்தை 9.81-ஆல் பெருக்கி 8-ஆல் வகுத்தால் உயரம் மீட்டரில் வரும். அவனுக்கு 0.22 வந்திருக்கும், அதை அப்படியே போட்டிருப்பீர்கள். சேயர்ஸுக்குச் சென்டிமீட்டர் வேண்டும்: 60.7 × 22 + 45.3 × 32 − 2055. எட்டாம் வகுப்புக் கணக்கு.

ஓட்டக்காரன்: கணக்கு சரி. கடைசி வரி தேவையா?

சாக்பீஸ்: வீடியோவே வேண்டாம். விரலில் சாக்பீஸ் தூளைத் தடவி, நின்றபடி எட்டி ஒரு கோடு, குதித்து ஒரு கோடு. குதித்து அளக்கும் சோதனையை அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர் சார்ஜென்ட் 1921-லேயே எழுதியாச்சு.

நியூட்டன்_தாசன்: நின்று எட்டும்போது தோளைச் சுருக்கிக்கொள்கிற பையனுக்குச் சும்மாவே நாலு சென்டிமீட்டர் கிடைக்கும்.

சாக்பீஸ்: வீடியோவில் மட்டும் ஏமாற்ற முடியாதா? முட்டியை மடக்கியபடி இறங்கினால் காற்றில் இருக்கும் நேரம் கூடிவிடும்.

பிடி_மாஸ்டர்: 730 வந்துவிட்டது, நன்றி. ஆனால் ஒரு பொடியன், 24 கிலோ, 13 செ.மீ., இன்னும் -179.

உடலியல்_அக்கா: அது உங்கள் எக்செல் கோளாறு இல்லை. கல்லூரி வயதுக்காரர்களை ஃபோர்ஸ் பிளேட்டில் (கால் அழுத்தும் விசையை அளக்கும் பலகை) குதிக்கவிட்டு 1999-இல் பொருத்திய சமன்பாடு அது. அவர்கள் எடைக்கு 2055 கழித்தாலும் மிச்சம் இருக்கும், பொடியனிடம் என்ன இருக்கும்? 730-ஐயும் அப்படியே நம்பாதீர்கள். இன்னொன்று: அடுத்த வருஷம் அந்த 32 கிலோ பையன் 36 ஆகி, அதே 22 செ.மீ. குதித்தாலும் 181 வாட் கூடியதாகக் காட்டும். வளர்ந்ததற்கும் பயிற்சிக்கும் வித்தியாசம் தெரியாது. ஹெச்எம்முக்குக் குதித்த உயரம், எடை, வயசு மூன்றையும் தனித்தனி நெடுவரிசையில் கொடுங்கள். வாட் வேண்டுமென்றே கேட்டால், பிள்ளைகளை அளந்து பொருத்திய சமன்பாட்டைத் தேடிப் போடுங்கள்.

நியூட்டன்_தாசன்: இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

ஓட்டக்காரன்: வரவே இல்லையே சார்.

சாக்பீஸ்: மாஸ்டர், கை வீசினார்களா இல்லையா?