தமிழ் ஆய்வேடுகள் 1,800: ஸ்கேன் டெண்டரில் என்ன எழுதுவது? "பௌத்தம்" தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

சுவடிப்பெட்டி:

மாநிலப் பல்கலைக்கழக நூலகம். தமிழில் எழுதிய பிஎச்.டி ஆய்வேடுகள் 1,800 உள்ளன, 1974 முதல் 2011 வரை. எல்லாம் கெட்டி அட்டை பைண்டிங். பழையவை தட்டச்சு, அதிலும் பல கார்பன் படி. 2003க்குப் பின் வந்தவற்றோடு சிடியும் உண்டு. உள்ளே பேஜ்மேக்கர், வேர்டு கோப்புகள். ஸ்கேன் செய்ய முன்வந்த நிறுவனம் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 பிக்சல்) கறுப்பு வெள்ளை பிடிஎஃப் போதும் என்கிறது.

டிஸ்பேஸ் 7 என்ற மின்நூலக மென்பொருளில் சோதனைக்கு 40 ஏடுகள் ஏற்றியிருக்கிறோம். "பௌத்தம்" என்று தேடினால் 3 வருகிறது, "பெளத்தம்" என்று தேடினால் 9. சில பிடிஎஃப்களில் கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினாலும் இல்லை என்கிறது. டெண்டரில் என்ன எழுத வேண்டும்? ஏற்றியதை எப்படிச் சரிசெய்வது?

மூலப்படி:

200 டிபிஐ கறுப்பு வெள்ளைக்குச் சம்மதிக்காதீர்கள். காரணம் மெய்யெழுத்தின் புள்ளி. 0.3 மி.மீ. அகலமுள்ள புள்ளி 200 டிபிஐயில் இரண்டரை பிக்சல்கூட வராது. கார்பன் படியில் அது வெளிறிய சாம்பலாகத்தான் இருக்கும். கறுப்பா வெள்ளையா என்று மென்பொருள் முடிவுகட்டும்போது வெள்ளைப் பக்கம் போய்விடும். "பக்தி" "பகதி" ஆகிவிடும். 300 டிபிஐ, 8 பிட் கிரேஸ்கேல் (சாம்பல் சாயல்களோடு), பக்கத்துக்கு ஒரு டிஃப் கோப்பு என்று எழுதுங்கள். வண்ணப் படமும் வரைபடமும் உள்ள பக்கங்களுக்கு மட்டும் 24 பிட் வண்ணம்.

இன்னொன்று பலர் கவனிக்காதது. ஸ்கேனர் மென்பொருளில் தூசி நீக்க டீஸ்பெக்கிள் என்று ஒரு வசதி இருக்கும். தமிழ்ப் புள்ளி அதன் கணக்கில் தூசிதான். அதை அணைத்திருக்க வேண்டும் என்பதை டெண்டரிலேயே போடுங்கள். பிடிஎஃப்பைச் சுருக்க ஜேபிக்2 பயன்படுத்தினால் இழப்பில்லாத முறை மட்டும். இழப்புள்ள முறை ஒரே மாதிரி தெரியும் எழுத்துகளுக்கு ஒரே உருவத்தை ஒட்டிவிடும். 2013இல் செராக்ஸ் நகல் எந்திரங்களில் 6 இருந்த இடத்தில் 8 வந்தது இப்படித்தான். அட்டவணை நிறைந்த ஆய்வேட்டில் இப்படி ஒன்று நடந்தால் யாரும் கண்டுபிடிக்கவே முடியாது.

இடக் கணக்கு: 300 டிபிஐயில் ஏ4 பக்கம் 2480 × 3508 பிக்சல், கிரேஸ்கேலில் சுமார் 8.7 எம்பி. ஏட்டுக்கு 280 பக்கம் என்று வைத்தால் 5,04,000 பக்கம், அதாவது 4.4 டிபி. முழுக்க வண்ணம் என்றால் 13 டிபி. மூன்று படிகள் வேண்டும், அதில் ஒன்று வேறு கட்டடத்தில். ஒரே சர்வரில் பல வட்டுகளை இணைக்கும் ரெய்டு போட்டுவிட்டு அதையே பேக்கப் என்று சொல்வதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

துறையில் இரண்டாம் படி இருந்தால் அதன் முதுகை வெட்டி, தாளைத் தானே இழுக்கும் ஃபீடரில் விடலாம். ஒரே படி என்றால் மேலிருந்து எடுக்கும் ஸ்கேனர்தான். மெல்லிய கார்பன் தாளை எக்காரணம் கொண்டும் ஃபீடரில் விட வேண்டாம். பின்பக்க எழுத்து தெரிந்தால் தாளுக்கு அடியில் கறுப்பு அட்டை வையுங்கள். வெற்றுப் பக்கத்தையும் ஸ்கேன் செய்யச் சொல்லுங்கள். அப்போதுதான் எண்ணிக்கை ஒத்துப்போகும். கோப்புப் பெயர் வரவு எண்ணும் நான்கிலக்கப் பக்க எண்ணும் மட்டும். தலைப்பைத் தமிழில் கோப்புப் பெயராக வைத்தால் வட்டு மாறும்போதெல்லாம் தலைவலி.

ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 செக்சம் (கோப்பு மாறியதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) பட்டியலோடு வட்டைக் கொடுத்து, நீங்கள் சரிபார்த்த பிறகே பணம் என்று எழுதுங்கள். பார்க்கும்போது 400 விழுக்காடு பெரிதாக்கிப் பாருங்கள்: 150 டிபிஐயில் எடுத்து 300ஆக ஊதியிருந்தால் எழுத்தின் விளிம்பு கஞ்சி மாதிரி குழைந்திருக்கும்.

பனையோலை (யாழ்ப்பாணம்):

ஸ்கேன் பற்றி மேலே சொல்லியாச்சு. உங்கள் தேடல் சிக்கல் எழுத்துருவிலிருந்து வருகுது.

பழைய எழுத்துருக்களில் ஔகாரத்தின் பின்பாதிக்கும் "ள" எழுத்துக்கும் ஒரே உருவம்தான். யுனிகோடில் தட்டச்சு செய்கிறவர்களும் பழக்கத்தில் "பெ" அடித்து "ள" அடிக்கினம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. யுனிகோட் நார்மலைசேஷன் இதைத் திருத்தாது, ஏனென்றால் "ள" உண்மையாகவே வேறு எழுத்து. எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு: மாற்றி மென்பொருள் கண்ட இடத்திலெல்லாம் ஔகாரமாக்கி "வெளியீடு" என்பதை "வௌியீடு" என்றும் "தெளிவு" என்பதை "தௌிவு" என்றும் கெடுத்து வைக்கும். துணைநூற்பட்டியலில் "வெளியீடு" எத்தனை தடவை வரும் என்று யோசித்துப் பாருங்கோ.

சிடியில் இருப்பவை பாமினி போன்ற, யுனிகோட் அல்லாத பழைய எழுத்துருவில் இருந்தால் கூடுதல் கவனம். அதில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஆங்கில விசைகளாகத்தான் கிடக்கும். கோப்பு முழுவதையும் ஒரேயடியாக மாற்றினால் ஆங்கில மேற்கோளும் தமிழ்க் குப்பையாகிவிடும். வேர்டு கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் எழுத்துருப் பெயர் பதிவாகியிருக்கும். அதைப் பார்த்து, தமிழ் எழுத்துரு உள்ள துண்டை மட்டும் மாற்ற வேணும். டிஸ்கி என்ற இன்னொரு பழைய தமிழ்க் குறியீட்டு முறை இந்த விஷயத்தில் பரவாயில்லை, ஆங்கிலத்தின் இடத்தை அது தொடுவதில்லை. மாற்றும் வரிசையும் முக்கியம்: முதலில் கொ, கோ, கௌ, பிறகு கெ, கே, கை, கடைசியில்தான் தனியெழுத்து.

பேஜ்மேக்கர் 6.0, அதற்குப் பிந்திய கோப்பை இன்டிசைன் சிஎஸ்6 பதிப்பு வரைக்கும் திறக்கும், பிறகு வந்த சிசி பதிப்பு திறக்காது. திறந்து ஆர்டிஎஃப் ஆகச் சேமித்தால் எழுத்துருப் பெயர் அழியாமல் இருக்கும். சிடியிலிருந்து கோப்புகளை இழுத்துப் போடாமல் முதலில் முழு வட்டுக்கும் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளில் இமேஜ் (வட்டின் முழு நகல்) எடுங்கோ. வாசிக்க முடியாத இடத்தைத் தாண்டிப்போய்ப் பிறகு திரும்பி வந்து முயலும். சிடியின் பெயர் எழுதும் மேல்பக்கத்துக் கீறல்தான் கூடாதது, தகவல் அடுக்கு அந்த அரக்குப் பூச்சுக்கு உடனே கீழே இருக்குது.

டிஸ்பேஸ்_காவலர்:

பனையோலை சொன்ன ஔகாரச் சிக்கலுக்கு அகராதி தேவையில்லை. சரியான வடிவத்தைத் தேடி அலையாமல் எல்லாவற்றையும் ஒரே தப்பான வடிவத்துக்குத் தள்ளிவிடுங்கள். டிஸ்பேஸின் தேடுபொறியான சோலரில் தேடலுக்கான ஸ்கீமா (அமைப்பு) கோப்பில், முதலில் யுனிகோட் வடிவங்களை ஒன்றாக்கும் ஐசியு நார்மலைசர், அடுத்து ஒரு மேப்பிங் வடிகட்டி: ஔகாரக் குறி எங்கே வந்தாலும் எகரக் குறி + "ள". இண்டெக்ஸ், தேடல் இரண்டு பக்கமும் இதைப் போட வேண்டும். "பௌத்தம்", "பெளத்தம்" இரண்டும் ஒன்றாகும், "வௌியீடு" தானாக "வெளியீடு" ஆகிவிடும். வாசகர் பார்க்கும் உரை மாறாது. பிறகு இண்டெக்ஸை முழுக்கத் திரும்பக் கட்டுங்கள். டிஸ்பேஸ் பதிப்பு ஏற்றும்போது இந்த ஸ்கீமா கோப்பு மேலெழுதப்படும், ஆகவே தனியே ஒரு படி வையுங்கள்.

எதுவுமே கிடைக்காத பிடிஎஃப்பை இப்படிச் சோதியுங்கள்: "கொடுத்தான்" போன்ற ஒரு சொல்லை நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். "ெகாடுத்தான்" என்று கொம்பு முன்னால் வந்தால் உரை பார்வை வரிசையில், அதாவது கண்ணுக்குத் தெரியும் வரிசையில், உள்ளது. இண்டெக்ஸில் அதைச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். வேர்டு மூலம் இருந்தால் அங்கே போங்கள், இல்லாவிட்டால் ஓசிஆர்எம்ஒய்பிடிஎஃப் மென்பொருளில் கட்டாய ஓசிஆர் (படத்திலிருந்து எழுத்தைப் படிப்பது) போட்டு, நெடுங்காலம் காக்கும் வடிவமான பிடிஎஃப்/ஏ ஆக எடுங்கள். அதனுள் எழுத்தைப் படிக்கும் டெசராக்ட்டுக்கு தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய னை, லை, றா வடிவங்கள் வரும் பக்கங்களில் தடுமாறும். 5 லட்சம் பக்கத்தையும் மெய்ப்புப் பார்க்க ஆள் கிடையாது. பொருளடக்கத்தையும் இயல் தலைப்புகளையும் கையால் திருத்துங்கள், அதுவே பெரும்பாலான தேடலுக்குப் போதும்.

டிஸ்பேஸின் இரண்டு இயல்புநிலை அமைப்புகளைக் கட்டாயம் மாற்றுங்கள். ஒன்று, உரை பிரித்தெடுப்பு ஒரு கோப்புக்கு 1,00,000 குறியீடுகளோடு நின்றுவிடும். தமிழில் புள்ளியும் உயிர்க்குறியும் தனித்தனிக் குறியீடு என்பதால் அது ஏறத்தாழ 60 பக்கத்திலேயே தீர்ந்துபோகும். அதற்குப் பிறகு உள்ள இயல்கள் தேடலில் இருக்காது. வரம்பை எடுங்கள், அல்லது இயல்வாரியாகப் பிரித்து ஏற்றுங்கள். இந்திய ஆய்வேடுகளின் தேசிய இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்கும் இயல்வாரிக் கோப்புகள்தான் வேண்டும், ஒரே வேலையாகப் போகும். இரண்டு, ஹேண்டில் (ஏட்டின் நிலையான இணைப்பு எண்) முன்னொட்டு 123456789 என்றே இருந்தால் அது வெறும் மாதிரி எண். அந்த இணைப்பை யாரும் மேற்கோள் காட்ட முடியாது. சொந்த முன்னொட்டு பதிவுசெய்த பிறகு பொதுமக்களுக்குத் திறங்கள்.

டிஃப் மூலங்களை டிஸ்பேஸில் ஏற்றாதீர்கள். கோப்புகளையும் செக்சம் பட்டியலையும் ஒன்றாகக் கட்டும் பேக்இட் பைகளாக வெளியே வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை செக்சம் ஒப்பிடுங்கள்.

சுவடிப்பெட்டி:

ஸ்கீமா விஷயம் புரிந்தது. சில ஏடுகளின் பின்னிணைப்பில் தகவலாளர் பெயர், ஊர், சாதி, வயது எல்லாம் பட்டியலாக இருக்கிறது. அதையும் திறந்து விடலாமா?

மூலப்படி:

வேண்டாம். ஸ்கேன் செய்து மூலத்தில் வையுங்கள், ஆனால் அந்தப் பின்னிணைப்பைத் தனிக் கோப்பாக்கி அனுமதியை நூலகப் பணியாளருக்கு மட்டும் கொடுங்கள். கையொப்பமிட்ட சான்றிதழ்ப் பக்கத்துக்கும் ஆய்வாளரின் தன்விவரப் பக்கத்துக்கும் அதேதான். முக்கியமாக, ஓசிஆர் எடுத்த உரைக் கோப்பின் அனுமதியையும் தனியே பாருங்கள். பிடிஎஃப்பைப் பூட்டினாலும் அதிலிருந்து எடுத்த உரை இண்டெக்ஸில் இருந்தால், பெயரைத் தேடுகிறவருக்கு அந்த ஏடு வந்து நிற்கும்.