கட்டிங்குக்கு மேலே ஏறிப் பார்த்தவர்கள் உண்டா?

ரத்னகிரியில் இருந்தவன்:
கொங்கண் ரயில்பாதை என்றதும் சுரங்கங்களையும் பன்வல் நதிப் பாலத்தையும்தான் எல்லோரும் புகழ்வார்கள். மகாராஷ்டிரத்தின் ரோஹாவிலிருந்து கர்நாடகத்தின் தோக்கூர் வரை சுமார் 740 கிலோமீட்டரை மழைக்காலத்தில் காத்து நிற்பவர்களின் தூக்கத்தைக் கெடுப்பவை கட்டிங்குகள், அதாவது பாதை போக மலையை வெட்டித் திறந்த இடங்கள். அவற்றின் சரிவுகளில் பல இடங்களில் மேலே செம்புரைக்கல், அடியில் ஈரம் பட்டால் குழைந்துவிடும் களி. 2003 ஜூன் 22 இரவு வைபவ்வாடி அருகே சரிந்து கிடந்த பாறைகளில் ரயில் மோதி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஜூனிலேயே கரஞ்சாடி அருகே மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸுக்கும் அதே கதி. சரிவுகளைச் சாய்வாக வெட்டுவதும் இரும்பு வலை போர்த்துவதும் அதற்குப் பிறகுதான் வேகம் பிடித்தன. மழைக்காலத்துக்குத் தனிக் கால அட்டவணையே உண்டு. பார்வையை மறைக்கும் மழையில் ரயில்கள் 40 கி.மீ. வேகத்துக்குள் ஊர்ந்துதான் வர வேண்டும்.

பாதையோரம் நடந்து கண்காணிக்கும் ரோந்துக்காரர்களிடம் நான் கற்றது ஒன்றைச் சொல்கிறேன். மூத்த ரோந்துக்காரர் ஒருவர் விளக்கைத் தண்டவாளத்தின் மீது அதிகம் காட்டவே மாட்டார். பக்கத்து வடிகாலில்தான் காட்டுவார். ஓடுகிற நீர் திடீரென்று செந்நிறமாகக் கலங்கினால் மேலே மண் அசைகிறது என்று பொருள். கொட்டுகிற மழையில் வடிகால் வற்றிப்போனால் அதைவிட மோசம். அப்படி ஓரிரவு நீர் பாதியாகக் குறைந்திருந்தது. விடிந்ததும் மேலே ஏறினோம். கட்டிங்கின் தலைமாட்டில், மலையிலிருந்து இறங்கும் நீரை மறித்து ஒதுக்குப்புறமாகக் கொண்டுபோகும் வடிகால் ஒன்று உண்டு. அதன் சிமென்டுத் தளத்தை ஒரு மரவேர் தூக்கிவிட்டிருந்தது. தண்ணீர் அத்தனையும் அந்த விரிசலுக்குள் சுழித்து இறங்கிக்கொண்டிருந்தது. உடனே வேகக் கட்டுப்பாடு போட்டு, களிமண்ணும் மணல்மூட்டையும் வைத்து அடைத்து, மேலே தார்ப்பாய் விரித்தோம். கீழே நின்று பார்த்தால் சரிவில் ஒரு கீறல்கூடத் தெரியவில்லை.

மேலே ஏறிப் பார்த்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

குன்னூர் ரோடு:
ஐயா, ரயில்வேயில் ரோந்தாவது இருக்கிறது. மலைச்சாலையில் மேலே ஏறிப் பார்க்க ஆள் ஏது? சாலைப்பணியாளர் ஒருவருக்கு எத்தனை வளைவு என்று கேட்டால் சிரிப்பார்கள்.

ஒரு புதுத் தடுப்புச்சுவரை அளந்து சரிபார்க்கப் போயிருந்தேன். ஊர், ஒப்பந்தக்காரர் பெயர் வேண்டாம். சுவர் பார்க்க லட்சணமாக இருந்தது, பின்னால் தேங்கும் நீர் வடிவதற்கான பி.வி.சி. குழாய்கள் வரிசையாக எட்டிப் பார்த்தன. முந்தைய நாள் நல்ல மழை, ஆனால் ஒரு குழாயிலும் சொட்டு நீர் இல்லை. ஒரு குச்சியை உள்ளே விட்டேன். ஒரு சாண்கூடப் போகவில்லை. சுவரின் முகத்தில் மட்டும் குழாயைப் பதித்துப் பூசியிருந்தார்கள். பின்புறம் ஜல்லி போட வேண்டிய இடத்தில் வெட்டிய மண்ணையே கொட்டியிருந்தார்கள். அந்தச் சுவர் மண்ணைத் தாங்கும். தேங்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்காது. 2009 நவம்பரில் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. கொட்டியதே, அதில் கால்வாசி பெய்தாலும் போதும். பில்லை நிறுத்தினேன். அதனால் எனக்கு வந்த தொலைபேசிகளை இங்கே எழுத முடியாது.

இப்போது மேட்டுப்பாளையம் சாலையில் சரிவுக்குள் கம்பி செருகி, வலை போட்டு, மேலே புல் வளர்க்கிறார்கள். நல்ல முறைதான். ஆனால் சுவர் கட்டுவதற்குக் கிடைக்கும் நிதி, வடிகால் தூர்வாருவதற்குக் கிடைப்பதில்லை. தூர்வாரியதற்குத் திறப்பு விழா வைக்க முடியாதே.

கிளாஸ்கோ வாசி:
நான் இங்கே ரயில்பாதைச் சரிவுகளை ஆய்வு செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். பிரிட்டனின் ரயில்பாதைகளைப் பராமரிக்கும் நெட்வொர்க் ரெயிலின் பொறுப்பில் மட்டும், மண் கொட்டி உயர்த்திய கரைகளும் கட்டிங்குகளுமாகச் சுமார் 1,90,000 இருக்கின்றன. பெரும்பாலானவை மண் இயக்கவியல் என்ற துறையே உருவாகாத விக்டோரியா காலத்தில் போட்டவை. எல்லாவற்றையும் ஒரே மாதிரி கவனிக்க முடியாது. எனவே நிலைமையைப் பொறுத்துத் தரம் பிரித்து, மோசமானதை ஆண்டுதோறும், திடமானதைப் பல ஆண்டுகளுக்கு ஒருமுறையும் பார்ப்போம். ஏட்டில் பார்த்தால் குறையே சொல்ல முடியாத ஏற்பாடு.

ஆனால் 2020 ஆகஸ்ட் 12 அன்று ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஹேவன் அருகே கார்மொன்டில் நடந்ததைப் பாருங்கள். கனமழை பெய்து முடிந்த காலை. சரிவின் மேலே கல் நிரப்பிய வடிகாலிலிருந்து அடித்து வரப்பட்ட சரளை தண்டவாளத்தில் பரவிக் கிடந்தது. அதில் ஏறி ரயில் தடம்புரண்டது. மூவர் இறந்தனர். விசாரணையில் தெரிந்தது: வடிகால் வரைபடத்தில் உள்ளபடி கட்டப்படவில்லை. வரைபடத்திலேயே இல்லாத ஒரு மண்வரப்பு, மேட்டு நீரை ஒரே பக்கம் திருப்பிவிட்டிருந்தது. எல்லாவற்றையும் விட என்னை உறுத்துவது வேறு. அந்த வடிகாலின் மேல்பகுதி பராமரிப்புப் பதிவேட்டிலேயே ஏறவில்லை. பதிவில் இல்லாததால் பார்க்கப் போக வேண்டும் என்று எவருக்கும் உத்தரவு போகவில்லை. அந்த விபத்துக்காக 2023-இல் நீதிமன்றம் நெட்வொர்க் ரெயிலுக்கு 67 லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

அதன் பிறகு நான் எந்தச் சரிவுக்குப் போனாலும் படிவத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முதலில் வேலிக்கு அப்பால் உள்ள வயலைச் சுற்றிவருகிறேன். உழவர் புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டியிருந்தால் எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் கிடையாது. ரத்னகிரி ஐயா, மேலே உள்ள வடிகால்களை நீங்கள் எப்படிக் கணக்கில் வைத்திருந்தீர்கள்?

பண்டாரவளை:
எங்கள் இலங்கை மலையகத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மழையை வைத்து மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மி.மீ. தாண்டினால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். பயனுள்ள அளவுகோல். ஆனால் ஒரு வாரமாக ஊறிக் கிடக்கும் மண்ணுக்கு 60 மி.மீ. கூடப் போதும் என்பதைத் தோட்டத்துப் பழையவர்கள் நன்றாக அறிவார்கள். முற்றத்தில் புதிதாக ஊற்று கிளம்பினால் வானொலி அறிவித்தலுக்குக் காத்திராமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோயிலடிக்குப் போய்விடுவார்கள்.

ரத்னகிரியில் இருந்தவன்:
கிளாஸ்கோ தம்பிக்கு: முதலில் கிலோமீட்டர் எண்ணை வடிகால் சுவரில் பெயின்டால் எழுதினோம். பாசி மூடிவிட்டது. பிறகு பழைய தண்டவாளத் துண்டுகளில் எண்ணை வெல்டிங் செய்து, வடிகால் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் நட்டோம். மழைக்கு முந்தைய ஆய்வில் இரண்டு எண்களையும் நேரில் பார்த்து எழுதினால்தான் அறிக்கையை வாங்குவேன். கீழே நின்றபடி நிரப்பிய அறிக்கை எது என்று இரண்டாவது எண்ணைக் கேட்டாலே தெரிந்துவிடும்.