பேரிங் சூடு இறங்கவில்லை, எங்கே பார்ப்பது?

நீலகிரியில் ஒரு நீர்மின் நிலையத்தில் ஷிப்ட் ஆபரேட்டராக இருக்கிறேன். கிடைமட்டத் தண்டு பெல்டன் டர்பைன் (நீர்த்தாரை கிண்ணங்களில் அடித்துச் சுழலும் வகை), நிமிடத்துக்கு 600 சுற்று. பத்து நாட்களாக ஜெனரேட்டர் பக்கத்து பேரிங் சூடு 54 டிகிரியிலிருந்து 66 வரை ஏறுகிறது. அதுவும் மாலையில் முழு லோடு ஏற்றிய பிறகுதான். பாதி லோடில் தொல்லையே இல்லை.

எண்ணெய் மாற்றியாயிற்று. குளிர்நீர் வடிகட்டியைக் கழற்றியதில் ஒரு கைப்பிடி யூகலிப்டஸ் இலை வந்தது, சூடு மட்டும் இறங்கவில்லை. சென்சாரையும் மாற்றினோம், அதே அளவுதான். அதிர்வு வழக்கம்போல். தண்டுக்கு எண்ணெய் எடுத்துக் கொடுக்கும் எண்ணெய் வளையமும் ஒழுங்காகச் சுற்றுகிறது. எனக்கு உறுத்துவது ஒன்றுதான்: பேரிங் எண்ணெயின் சூட்டை வாங்கிக்கொண்டு குளிர்நீர் வெளியேறும் குழாய் முன்பெல்லாம் வெதுவெதுப்பாக இருக்கும், இப்போது தொட்டால் மார்கழிக் காலை போலச் சில்லென்கிறது. தண்ணீர் வரத்தும் குறையவில்லை.

ஒரே ஒரு நாள்தான் நிறுத்தம் தருவார்கள். அன்றைக்கு முதலில் எண்ணெய்க் குளிர்விப்பானின் குழாய்களைச் சுத்தம் செய்வதா, பேரிங்கைத் திறப்பதா?