ராயபுரம் பழைய வீடு: பில்டருக்குக் கொடுக்கலாமா?

கல்மண்டபத்தான்:
ராயபுரத்தில் தாத்தா கட்டின வீடு. அரை கிரவுண்டு. திண்ணை, முற்றம், மர உத்தரத்து மேல செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் கூரை. மழை வந்தா பின்கட்டு ஒழுகுது. பில்டர் ஒருத்தர் பாதிக்குப் பாதி ஜாயிண்ட் வென்ச்சர் கேக்கறார்: நிலம் நம்மது, இடிச்சுக் கட்டறது அவர் செலவு, கட்டினதுல ஆளுக்குப் பாதி. வாரிசு மூணு பேர். தம்பியும் தங்கச்சியும் சரின்னுட்டாங்க. எனக்குத்தான் மனசு வரலை. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

வண்ணை செல்வி:
கொடுத்துடுங்கண்ணே. எங்க மாமியார் வீடும் இதே மாதிரிதான். உத்தரத்தைக் கரையான் தின்னுட்டுது. ராத்திரியில காரை பேந்து விழும், புள்ளைங்களைத் தள்ளிப் படுக்க வைப்போம். சுண்ணாம்பு வேலை தெரிஞ்ச கொத்தனார் கிடைக்காம சிமெண்ட் பூசினோம், அதுவும் நிக்கலை. 2021-லயே வண்ணாரப்பேட்டையிலேர்ந்து விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தாச்சு. நம்ம ஏரியாவைத் தேடி பில்டர் வர்ற காலம் இதுதான்.

தண்டையார்பேட்டை சிவில்:
அக்கா, அந்தப் பூச்சு நிக்காததுக்குக் காரணமே சிமெண்ட்தான். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை இழுத்து வெளியே விட்டுடும். மேல சிமெண்ட் பூசினா ஈரம் போக வழியில்லை, உப்பு உள்ளேயே பூத்துப் பூச்சைத் தள்ளிடும்.

மெட்ராஸ் டெரஸ்ல தேக்கு உத்தரத்து மேல சின்னச் செங்கலை மூலைவாட்டில் நிறுத்தி சுண்ணாம்புச் சாந்து போட்டு அடுக்குவாங்க. அதுக்கு மேல செங்கல் ஜல்லி, கடைசியா தட்டோடு. கம்பியே இல்லாத கூரை, கடல்காத்து அரிக்க அதுல ஒண்ணுமில்லை. கான்கிரீட்ல உப்பு கம்பி வரைக்கும் இறங்கினா துரு பருத்துப் பிளந்துடும். கடலோரக் கட்டடத்துக்கு ஐ.எஸ். 456, அதாவது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி, கேக்கறது குறைஞ்சது எம்30-ங்கற வலிமையில கலவை, கம்பிக்கு 45 மி.மீ. கவர், அதாவது கம்பியை மூடற கான்கிரீட் கனம். இதை உங்க பில்டர் ஒப்பந்தத்துல எழுதித் தருவாரா, கேளுங்க. 2021 டிசம்பர்ல திருவொற்றியூர் அரிவாக்குளத்துல அரசு வாரியக் குடியிருப்புல 24 வீடு சரிஞ்சுது. அந்தக் கட்டடம் உங்க வீட்டைவிட எவ்வளவோ இளசு.

வண்ணை செல்வி:
தம்பி, கரையான் தின்ன உத்தரத்துக்கு என்ன பதில்? இன்னிக்குத் தேக்கு விக்கற விலை தெரியுமா? திண்ணைப் பெருமை பேசறவங்க ஐப்பசியில அந்தப் பின்கட்டுல ஒரு ராத்திரி படுத்துப் பாக்கணும்.

தண்டையார்பேட்டை சிவில்:
எல்லா உத்தரமும் போயிருக்காது அக்கா. சுவர்ல சொருகின முனைதான் முதல்ல கெடும். தட்டிப் பாத்து, கெட்டதை மட்டும் மாத்தலாம். செலவு உண்டு, மறுக்கலை.

ஒற்றியூர் கணக்கு:
யாரும் கணக்கே போடலையே. அரை கிரவுண்டுன்னா 1200 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ., அதாவது நிலத்தைப் போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கற அளவு, 2-னு வெச்சாலும் 2400தான் கட்டலாம், சந்து குறுகலா இருந்தா அதுவும் சந்தேகம். பில்டருக்குப் பாதி போனா மீதி 1200, ஆளுக்கு 400. மாடிப்படி, நடை எல்லாம் கழிச்சா ஒரு ரூம் வீடு. நிலத்துலயும் பாதி போக, ஆளுக்கு 200 சதுர அடி பிரிபடாத பங்கு, அதாவது தனியா அளந்து பிரிக்காத பொதுப் பங்கு. இதுக்கா தாத்தா மண்ணைக் கொடுக்கறது?

கல்மண்டபத்தான்:
இதைத்தான் தம்பிக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியலை. வீடு மட்டும் இல்லைங்க. சாயங்காலமானா தெருப் பொம்பளைங்க எங்க திண்ணையிலதான் உக்காருவாங்க. காசிமேட்டுலேர்ந்து மீன் கொண்டு வர்ற அம்மா கூடையை இறக்கி வைக்கறதும் அங்கதான். கீழ கார் பார்க்கிங் வந்தா இதெல்லாம் எங்க போகும்?

வண்ணை செல்வி:
ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வீட்டுல இப்ப குடியிருக்கறது நீங்கதானே? தம்பியும் தங்கச்சியும் வெளியில வாடகை கட்டிட்டிருப்பாங்க. அவங்களுக்கு 400 சதுர அடி பெரிசு. வீடு வேணும்னா அவங்க ரெண்டு பங்குக்கும் நியாயமான விலை போட்டுக் கொடுங்க. அது முடியலைன்னா அவங்களை மறிக்கறது தப்பு.

ஒற்றியூர் கணக்கு:
இந்த இடத்துல செல்வி அக்கா பக்கம்தான் நான்.

கல்மண்டபத்தான்:
ஆமாங்க, நான்தான் இருக்கேன். தங்கச்சி வாடகை வீட்டுலதான். மதிப்பு போடறதுக்கு ஆள் வரச் சொல்லிட்டேன், அது தெரியாம பில்டர் பத்திரத்துல கையெழுத்து கிடையாது. சிவில் தம்பி, உத்தரம் தட்டிப் பாக்கற கொத்தனார் யாராச்சும் தெரிஞ்சா தனிச்செய்தியில சொல்லுங்க. ஐப்பசிக்கு முன்னாடி பாக்கணும்.