பொருள்: கஞ்சாப் புகையும் நோயெதிர்ப்பும் – ‘ஒடுக்கம்’ என்பதற்கு மாற்றாக ஒரு சொல்

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட மாணவர்களுக்காகத் தாம் எழுதிவரும் கையேட்டில், நெடுநாள் கஞ்சா புகைப்பவர்களின் நோயெதிர்ப்பில் ஏற்படும் விளைவைக் குறிக்க ‘இம்யூனோமாடுலேஷன்’ (எதிர்ப்பாற்றலின் செயல்பாட்டைக் கூட்டியோ குறைத்தோ மாற்றுவது) என்பதற்குத் தமிழில் எதை ஆள்வது என்று ஆம்பூர் ஆசிரியை அம்மா கேட்டிருந்தார். ‘எதிர்ப்பாற்றல் ஒடுக்கம்’ என்றே எழுதிவிடலாம், மாணவர்களுக்கு இவ்வளவு நுட்பம் வேண்டியதில்லை என்பது ஒரு மறுமொழி. ‘பண்பேற்றம்’ என்பது மற்றொன்று. இரண்டுமே இவ்விடத்துக்குப் பொருந்தவில்லை என்று கருதுகிறேன்.

‘ஒடுக்கம்’ வேறெங்கும் எப்படியோ, வேலூரில் அதற்கு ஏற்கெனவே குடியிருப்பு உண்டு. இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 1971இல் சிறுநீரக மாற்று அறுவையும், 1986இல் எலும்பு மச்சை மாற்றும் தொடங்கின. அன்று முதல், பொருத்திய உறுப்பை உடல் தள்ளிவிடாதிருக்க எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மாத்திரைகளை வேளை தவறாமல் உட்கொள்பவர்களை இவ்வூர் பார்த்து வருகிறது. பாபு ராவ் தெரு விடுதிகளில் தங்கியிருக்கும் அவர்கள் இரத்தத்தில் மருந்தின் அளவு எவ்வளவு என்று பரிசோதித்து, அதற்கேற்பக் கால் மாத்திரை, அரை மாத்திரை என்று கூட்டிக் குறைத்துக்கொள்கிறார்கள். ஒடுக்கி என்றால் இங்கே டாக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் போன்ற மருந்துகள்தாம். கஞ்சாவையும் அதே பெயரால் சுட்டினால், ஒன்று கஞ்சாவுக்கு இல்லாத வலிமையை ஏற்றிச் சொன்னதாகும். அல்லது அந்த மாத்திரைகளின் மீது தேவையற்ற ஐயத்தைக் கிளப்பியதாகும். ‘குறைபாடு’ என்ற சொல்லும் அப்படித்தான். 1986இல் சென்னையில் எடுக்கப்பட்ட இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டு, இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாகத் தெரியவந்த பிறகு, எதிர்ப்பாற்றல் குறைபாடு என்றாலே மக்கள் நினைப்பது எய்ட்ஸைத்தான்.

இனி, கஞ்சா உண்மையில் செய்வது என்ன என்று பார்த்தால்தான் சொல்லின் தேவை விளங்கும். அதன் போதைப்பொருளான டெட்ராஹைட்ரோகேனபினால் 1964இல் தூய நிலையில் பிரித்தெடுக்கப்பட்டது. அது பற்றிக்கொள்ளும் இரண்டு ஏற்பிகளில் (செல்லின் மேற்பரப்பில் இருந்து இத்தகைய பொருள்களை ஏற்கும் புரதங்கள்), முதலாவது பெரும்பாலும் மூளையிலும் நரம்பிலும் உள்ளது. 1993இல் கண்டறியப்பட்ட இரண்டாவது ஏற்பியோ மண்ணீரலிலும், பி செல்கள், இயற்கைக் கொல்லி செல்கள், கிருமிகளை விழுங்கும் பெருவிழுங்கு செல்கள் ஆகிய எதிர்ப்பு செல்களிலும் மிகுந்து காணப்படுகிறது. இந்த ஏற்பிகளைப் பற்றிக்கொள்ளும், உடலே சுரக்கும் பொருள் ஒன்று 1992இல் தெரியவந்தபோது அதற்கு ‘ஆனந்தமைடு’ என்று பெயரிட்டார்கள். ஆனந்தம் நமக்குப் பழகிய சொல்லாதலால் அதைத் தமிழாக்கும் வேலையாவது நமக்கு மிச்சம்.

ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் டெட்ராஹைட்ரோகேனபினால், இண்டர்ஃபெரான் காமா, இண்டர்லூக்கின் 12 போன்ற சைட்டோகைன்களை (எதிர்ப்பு செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் புரதங்கள்) குறைப்பதும், பிற எதிர்ப்பு செல்களைத் தூண்டிவிடும் உதவி டி செல்களின் துலங்கலை முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைப் பக்கம் சாய்ப்பதும் பலமுறை காட்டப்பட்டிருக்கின்றன. செல்லுக்குள் ஒளிந்து வாழும் கிருமிகளை எதிர்ப்பதற்கு முதல் வகைதான் முதன்மையானது. காசநோய் இன்னும் ஓயாத நம் வட்டாரத்தில் இந்தச் சாய்வு கவனிக்கத் தக்கது. ஆனால் எல்லாக் கிளைகளும் ஒருசேரத் தாழ்வதில்லை. எதிர்ப்பு மிகாமல் கட்டுப்படுத்தும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகவும் செய்கின்றன. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் குறுகிய காலம் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வில், கஞ்சா புகைத்ததால் வைரஸின் அளவு கூடவில்லை, அவ்வைரஸ் தாக்கும் சி.டி.4 என்னும் எதிர்ப்பு செல்களும் குறையவில்லை. மனிதரின் எதிர்ப்பாற்றலைப் பற்றி முடிவு கூறப் போதிய சான்று இல்லை என்றே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகங்களின் 2017ஆம் ஆண்டு அறிக்கையும் சொன்னது. ‘ஒடுக்கம்’ என்று எழுதினால் இத்தனையையும் ஒரே சொல்லில் மூடிவிடுகிறோம்.

‘பண்பேற்றம்’ நல்ல சொல்தான். பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வீச்சுப் பண்பேற்றம், அதிர்வெண் பண்பேற்றம் என்று மாணவர்கள் படிக்கிறார்கள். அங்கே ஓர் ஊர்தி அலையின் மீது செய்தி உண்மையாகவே ஏற்றப்படுகிறது. இங்கே ஏற்றப்படுவது எதுவுமில்லை. அதிலும் ‘எதிர்ப்பாற்றல் பண்பேற்றம்’ என்று படிக்கும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவன், கஞ்சா எதிர்ப்பாற்றலை ஏற்றிக் கொடுப்பதாகப் புரிந்துகொள்வான். நலக் கையேட்டில் இதைவிடப் பெரிய விபரீதம் வேண்டியதில்லை.

ஆகவே நான் முன்வைப்பது ‘எதிர்ப்பாற்றல் போக்குமாற்றம்’. போக்கு என்பது அளவையும் திசையையும் சேர்த்தே குறிக்கும். கூடியதா குறைந்ததா என்பதை முன்கூட்டியே தீர்மானித்துவிடாது. ‘போக்கை மாற்றுகிறது’ என்று வினையாகவும், ‘போக்குமாற்றி’ என்று பொருட்பெயராகவும் இடர்ப்பாடின்றி வரும். பிறவியிலோ நோயாலோ நேர்வது குறைபாடு. மருத்துவர் வேண்டுமென்றே செய்வது ஒடுக்கம். ஒரு பொருள் எதிர்ப்பாற்றலின் சில கிளைகளைத் தாழ்த்தியும் சிலவற்றை உயர்த்தியும் வைப்பது போக்குமாற்றம் என்று மூன்றும் தனித்தனியே நிற்கும். சொல் சற்று நீளம் என்று குடியாத்தத்து ஐயா குறைப்படக்கூடும். ஆங்கிலச் சொல்லின் நீளத்தைப் பார்த்தால் நாம் ஒன்றும் அதிகம் செலவழித்துவிடவில்லை.

இதனோடு இன்னொன்றையும் பிரித்தாக வேண்டும். மேலே சொன்னவை கஞ்சாவிலுள்ள ஒரு வேதிப்பொருளின் வேலை. புகையின் வேலை வேறு. பூங்கொத்தை உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, விதைகளைப் பொறுக்கி எறிந்துவிட்டு, தூள் உதிர்த்த பீடிக்குள் அடைத்து, வடிகட்டி ஏதுமின்றி ஆழ இழுத்து மூச்சை அடக்கி வைப்பதுதான் வழக்கம். 1988இல் வெளியான கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வின்படி, சிகரெட்டோடு ஒப்பிடும்போது இவ்வாறு புகைப்பவர்கள் உள்ளிழுக்கும் தார் ஏறக்குறைய மூன்று மடங்கு. அதே லாஸ் ஏஞ்சலஸ் குழுவினர் 1997இல் கஞ்சா புகைப்பவர்களின் நுரையீரலிலிருந்து பெருவிழுங்கு செல்களை எடுத்துப் பார்த்தபோது, அவை ஸ்டஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை விழுங்கிக் கொல்லும் திறனில் பின்தங்கியிருந்தன. நெடுநாள் புகைப்பவர்களுக்கு இருமலும் சளியும் மூச்சுக்குழல் அழற்சியும் அடிக்கடி வருவது உறுதிப்பட்ட செய்தி. கஞ்சாவில் படியும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையோ மச்சை மாற்றுச் செய்துகொண்டவர்களின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. இவற்றுக்குப் போக்குமாற்றம் என்ற சொல்லும் பொருந்தாது. ‘நுரையீரல் காப்புச் சிதைவு’ என்று தனியே எழுதலாம்.

சிறு திருத்தங்கள் இரண்டு. கையேட்டின் வரைவில் ‘சணல்’ என்று இருக்குமிடமெல்லாம் ‘கஞ்சா’ என்றே இருக்கட்டும். சணல் நமக்குக் கோணிப்பைக்கானது. ‘நாட்பட்ட கஞ்சா’ என்றால் பழைய சரக்கு என்று பொருள்படுமாதலால், ‘நெடுநாள் கஞ்சா புகைத்தல்’ என்று மாற்ற வேண்டுகிறேன்.

கையேட்டுக்கு நான் எழுதிப் பார்த்த வாக்கியம் இது: “கஞ்சாவிலுள்ள போதைப்பொருள் எதிர்ப்பாற்றல் போக்குமாற்றியாகச் செயல்பட்டு, செல்லுக்குள் வாழும் கிருமிகளுக்கு எதிரான துலங்கலைத் தாழ்த்துவது ஆய்வக, விலங்குச் சோதனைகளில் தெரிகிறது, அதன் புகையோ, நெடுநாள் புகைப்பவரின் நுரையீரல் காப்பைச் சிதைக்கிறது.” ‘துலங்கல்’ மாணவர்களுக்குப் பழக்கமான சொல்தானா, ‘மறுவினை’ என்று மாற்றலாமா என்பதை வகுப்பறையில் நிற்கும் ஆம்பூர் அம்மாவே சொல்ல வேண்டும்.

வணக்கத்துடன்,
காட்பாடியிலிருந்து