எம்எக்ஸ்-5: பின் சஸ்பென்ஷனும் பின் பிரேக்கும் மாற்றியபின் பெடல் ஆழமாகப் போகிறது, டக் டக் சத்தமும் இருக்கிறது. உதவி தேவை

ரோட்ஸ்டர் பித்தன்:

வணக்கம். வண்டி முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1991 மாடல், 1.6 லிட்டர் இன்ஜின், ஏபிஎஸ் இல்லாதது. முன் சஸ்பென்ஷனை முன்பே மாற்றிவிட்டேன். இப்போது பின்பக்க வேலையை வீட்டிலேயே செய்து முடித்தேன். பழைய ஷாக், ஸ்பிரிங் இரண்டையும் எடுத்துவிட்டு உயரம் கூட்டிக் குறைக்கக்கூடிய காயிலோவர் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாக அமைந்தது) போட்டேன். நான்கு சக்கரத்திலும் வண்டி இப்போது கம்பெனி உயரத்தைவிட 30 மி.மீ. இறங்கி நிற்கிறது. சக்கரத்தைச் சட்டத்தோடு இணைக்கும் பின் கீழ் ஆர்ம்களைக் கழற்றி, மூட்டுகளில் புது ரப்பர் புஷ் அடித்தேன். பிரேக்கில் 231 மி.மீ. டிஸ்க்கை எடுத்துவிட்டு 1.8 லிட்டர் மாடலின் 251 மி.மீ. டிஸ்க்கும் அதற்கான பிராக்கெட்டும் பேடும் மாட்டினேன். பேடை டிஸ்க்கில் அழுத்தும் கேலிப்பர் என்னுடைய பழையதுதான். பின் ஹோஸ் இரண்டும் ஸ்டீல் வலை போட்ட புது ஹோஸ். பிரேக் ஆயில் புது டாட் 4.

இப்போது உள்ள தொல்லைகள். பிரேக் பெடல் முதல் மிதியில் பாதிக்குக் கீழே போய்த்தான் பிடிக்கிறது. விட்டவுடன் மறுபடி மிதித்தால் மேலேயே நின்று கெட்டியாக இருக்கிறது. பிரேக் லைனிலிருந்து திரும்பத் திரும்ப ஏர் எடுத்தும் மாற்றமில்லை. குழாயில் ஒரு குமிழிகூட வரவில்லை. ஹேண்ட்பிரேக் லீவர் கடைசி வரை வந்தும் அரைகுறையாகத்தான் பிடிக்கிறது. சிறு மேடு பள்ளத்தில் மெதுவாகப் போகும்போது வலது பின்பக்கம் டக் டக் என்று அடிக்கிறது. பெரிய பள்ளத்தில் சத்தமே இல்லை. இன்னொன்று, சற்று அழுத்திப் பிரேக் பிடித்தால் பின்பக்கம் லேசாக ஆடுவது போலத் தோன்றுகிறது.

பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்கு மாற்றும் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டதோ என்று சந்தேகம். வாங்குவதற்கு முன் உங்களைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன்.

எண்ணெய்க் கை:

முதலில் கேலிப்பரின் ஏர் நிப்பிள் மேல் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். இடது, வலது மாறிப் போனால் நிப்பிள் கீழே வந்துவிடும். அப்புறம் எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் மேலே தங்கிய காற்று வெளியே வராது. மாஸ்டரிலிருந்து தூரமான சக்கரத்தில் தொடங்கித்தானே ஏர் எடுத்தீர்கள்?

ஹோஸைக் கிளாம்ப் வைத்து அடைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. ஸ்டீல் வலை ஹோஸில் அதை மட்டும் செய்யாதீர்கள். உள்குழாய் மடங்கி நிரந்தரமாகக் கெட்டுவிடும்.

ரோட்ஸ்டர் பித்தன்:

நிப்பிள் இரண்டு பக்கமும் மேலேதான் இருக்கிறது. வரிசையும் நீங்கள் சொன்னதுதான். கசிவு எங்கும் இல்லை. பெடலை மிதித்தபடியே வைத்திருந்தால் கீழே இறங்கவில்லை, அப்படியே நிற்கிறது.

பழைய ஸ்பேனர்:

தம்பி, மிதித்தபடி வைத்து இறங்கவில்லை என்றால் மாஸ்டர் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு. அதன் சீல் தேய்ந்திருந்தால் பெடல் மெல்ல மெல்லக் கீழே போகும். காற்று இருந்தால் பெடல் பஞ்சு போல அமுங்கும்; நீ சொல்வது அப்படி இல்லை. முதல் மிதியில் ஆழம், இரண்டாவதில் கெட்டி. பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே எங்கேயோ இடைவெளி அதிகம். முதல் மிதி அந்த இடைவெளியை மூடத்தான் செலவாகிறது.

இதை ஒரு நிமிடத்தில் உறுதி செய்யலாம். வண்டியை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை முடிந்தவரை இழுத்து வைத்துக்கொண்டு பெடலை மிதித்துப் பார். பெடல் சட்டென்று மேலே வந்துவிட்டால் கோளாறு பின் கேலிப்பரில்தான். ஹேண்ட்பிரேக் பின் பேடை டிஸ்க்கோடு சேர்த்துவிடுவதால் இடைவெளி போய்விடுகிறது. வேறு எதுவும் மாறவில்லை.

புது பேட் போடும்போது பிஸ்டனை எப்படி உள்ளே தள்ளினாய்? அதைச் சொல்.

ரோட்ஸ்டர் பித்தன்:

ஐயா, நீங்கள் சொன்னதுபோலவே ஹேண்ட்பிரேக்கை இழுத்துக்கொண்டு மிதித்தேன். பெடல் நன்றாக மேலே நிற்கிறது! பிஸ்டனை உள்ளே தள்ள, கேலிப்பரின் பின்புறம் இருக்கும் போல்ட்டைக் கழற்றி, அதற்குள் ஆலன் கீ போட்டு இடது பக்கமாகக் கடைசி வரை சுற்றினேன். பேட் போட்டதும் போல்ட்டை மூடிவிட்டேன்.

பழைய ஸ்பேனர்:

அதுதான் விஷயம். உள்ளே சுற்றிய பிஸ்டனைத் திரும்ப வெளியே கொண்டுவர வேண்டும்; இந்தக் கேலிப்பரில் பெடலை மிதித்தால் மட்டும் அது சரியாகிவிடாது. ஹேண்ட்பிரேக் இயங்குவதும் அதே பிஸ்டன் வழியாகத்தான். அதனால்தான் பெடலும் லீவரும் ஒன்றாகக் கெட்டன.

செய்யும் முறை சொல்கிறேன், நிதானமாகச் செய். முன் சக்கரங்களுக்குக் கட்டை வை. பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. வெறும் ஜாக்கை நம்பிக் கீழே கை விடாதே. ஹேண்ட்பிரேக்கை முழுக்க இறக்கு. லீவர் பக்கம் இருக்கும் கேபிள் நட்டையும் தளர்த்தி, கேலிப்பரில் உள்ள சின்னக் கை அதன் நிறுத்தத்தில் போய் உட்கார்ந்திருக்கிறதா என்று கண்ணால் பார். இதைச் செய்யாமல் மேற்கொண்டு போனால் எல்லாம் பொய்க் கணக்கு. பிறகு 14 மி.மீ. தலையுள்ள அந்த மூடி போல்ட்டைக் கழற்று. உள்ளே 4 மி.மீ. ஆலன் கீயை விட்டு வலது பக்கமாகச் சுற்று. சுற்றச் சுற்ற டிஸ்க் இறுகும். கையால் டிஸ்க்கைத் திருப்ப முடியாத நிலை வந்ததும் நிறுத்தி, சுற்றில் மூன்றில் ஒரு பங்கு பின்னால் விடு. டிஸ்க் சுதந்திரமாகச் சுற்ற வேண்டும். பேட் லேசாக உரசும் சத்தம் கேட்டால் பரவாயில்லை. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கட்டும். கேபிளைக் கடைசியில்தான் தொட வேண்டும். லீவர் ஐந்து முதல் ஏழு கிளிக்கில் பிடிக்கும்படி வை.

லீவர் மேலே வருகிறது என்று கேபிளை முறுக்கியே சரிக்கட்டுபவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் கேலிப்பரின் கை எப்போதும் பாதி இழுபட்ட நிலையிலேயே நிற்கும். பேட் உரசிச் சூடேறும், பெடலும் சரியாகாது.

அந்தக் கீழ் ஆர்மின் நீள போல்ட் சுலபமாக வந்ததா? இந்த வண்டிகளில் அது துருப்பிடித்து ஹப் வார்ப்போடு ஒன்றாகிவிடும். திரும்பப் போடும்போது தண்டு முழுக்கத் துரு தடுக்கும் கிரீஸ் பூசியிருந்தால் அடுத்த முறை நிம்மதி.

ரோட்ஸ்டர் பித்தன்:

பெடல் சரியாகிவிட்டது, ஐயா! புது வண்டி போல மேலேயே பிடிக்கிறது. ஹேண்ட்பிரேக் ஆறாவது கிளிக்கில் நிற்கிறது. வலதுபுறப் பிஸ்டன் இடதுபுறத்தைவிட அதிகம் உள்ளே இருந்திருக்கிறது. நீள போல்ட் பெரும்பாடுதான் படுத்தியது. கிரீஸ் தாராளமாகப் பூசியிருக்கிறேன்.

இனி அந்த டக் டக் சத்தம். யாராவது சொல்லுங்கள்.

கேம்பர் கணக்கு:

நண்பரே, சிறு அசைவில் சத்தம், பெரிய அசைவில் இல்லை என்றால் எங்கோ மிகச் சிறிய ஆட்டம் இருக்கிறது. பெரிய பள்ளத்தில் பாரம் அந்த ஆட்டத்தை ஒரு பக்கமாக அழுத்திவிடுவதால் சத்தம் வருவதில்லை. முதலில் பின் ஆன்டி ரோல் பாரின் (திருப்பத்தில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றிக் கட்டி வைத்துவிட்டு, அதே மேடு பள்ளத்தில் மெதுவாகப் போய்ப் பாருங்கள். சத்தம் நின்றால் லிங்க். நிற்கவில்லை என்றால் டிக்கியைத் திறந்து, காயிலோவரின் மேல் நட் அருகில் விரலை வைத்துக்கொண்டு, வேறொருவரைப் பம்பரை அமுக்கி அமுக்கி ஆட்டச் சொல்லுங்கள். காதைவிட விரல் நன்றாகச் சொல்லும்.

பின்பக்கம் ஆடுவதற்கு ஒரு கேள்வி. புது புஷ் போட்ட போல்ட்டுகளை எந்த நிலையில் முடுக்கினீர்கள்? சக்கரம் தொங்கும்போதா, வண்டி தரையில் நிற்கும்போதா?

ரோட்ஸ்டர் பித்தன்:

லிங்க்கைக் கழற்றியும் சத்தம் இருந்தது. மேல் நட்டில் விரல் வைத்தபோது தெளிவாகத் தட்டியது. ஏர் கன் வைத்து முடுக்கியபோது தண்டும் சேர்ந்து சுற்றியிருக்கிறது. நட் இறுகியதுபோல் தோன்றியதே தவிர, கடைசி வரை இறங்கவில்லை. தண்டின் தலையில் ஆலன் கீ போட்டுப் பிடித்துக்கொண்டு, ஸ்பேனரால் கையாலேயே முடுக்கினேன். இன்னும் ஒன்றரைச் சுற்றுப் போனது. சத்தம் போயே போய்விட்டது.

புஷ் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போதுதான் முடுக்கினேன்.

கேம்பர் கணக்கு:

அப்படியானால் அவற்றை எல்லாம் தளர்த்தி மறுபடி முடுக்க வேண்டும். ரப்பர் புஷ்ஷின் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை முடுக்கியதும் உள்குழாய் சட்டத்தோடு இறுகிவிடும். பிறகு ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுக்கிக்கொள்வதால்தான். தொங்கும் நிலையில் முடுக்கினால், வண்டியை இறக்கிய நொடியிலேயே ரப்பர் பாதி முறுக்கில் நிற்கும். உயரம் தவறாகக் காட்டும், ஸ்பிரிங் கடினமானதுபோல் தோன்றும், ரப்பரும் சீக்கிரம் கிழியும். நான்கு சக்கரமும் உறுதியான சாய்தளத்தில் ஏறி நிற்க, வண்டியை ஆட்டிவிட்டு, அந்த உயரத்தில் முடுக்குங்கள்.

பின் கீழ் ஆர்மின் உள் போல்ட்டுகளில் வட்டத் தகடு இருக்கிறதல்லவா, டோவும் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ பார்ப்பது) கேம்பரும் (சக்கரத்தின் மேல்பகுதி சாய்வது) அங்கேதான் மாறும். புஷ் போட்டதில் அது நகர்ந்திருக்கும், 30 மி.மீ. இறக்கியதில் கேம்பரும் நெகட்டிவ் பக்கம், அதாவது மேல்பகுதி உள்ளே சாய்வதாக, போயிருக்கும். பின் சக்கரம் துளியளவும் வெளியே பார்க்கக் கூடாது. லேசாக உள்ளே பார்க்கட்டும். வெளியே பார்த்தால் பிரேக் பிடிக்கும்போது வால் ஆடும், உங்களுக்கு இப்போது ஆடுவதுபோல. வீட்டில் நூல் கட்டி அளப்பதானால் ஒன்று கவனியுங்கள். இந்த வண்டியில் இடது, வலது பின் சக்கரங்களின் இடைவெளி முன் சக்கரங்களுடையதைவிடச் சில மி.மீ. அதிகம். நூலை டயரில் தொட்டுக் கட்டினால் அளவு தப்பு. வண்டியின் நடுக்கோட்டுக்கு இணையாக, தள்ளிக் கட்டுங்கள்.

பழைய ஸ்பேனர்:

தம்பி, முதலிலேயே கேட்டிருக்க வேண்டியது. முன் டிஸ்க் என்ன அளவு?

ரோட்ஸ்டர் பித்தன்:

முன்னால் கம்பெனி டிஸ்க்தான் ஐயா, 235 மி.மீ. முதலில் பின்பக்கம், அடுத்த கட்டமாக முன்பக்கம் என்று திட்டம்.

பழைய ஸ்பேனர்:

அப்படியானால் முன்பக்கம் மாற்றும்வரை இந்த வண்டியை வேகமாக ஓட்டாதே. மழையில் எடுக்கவே எடுக்காதே. இதுவரை பேசிய எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம்.

பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாய்கிறது. கணக்குக்காக வண்டி 1000 கிலோ, முன்னும் பின்னும் பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 2265 மி.மீ. புவியீர்ப்பு மையம் அரை மீட்டர் உயரத்தில் என்று கொள். நல்ல டயரில் முழு பலத்தோடு பிரேக் பிடித்தால் சுமார் 220 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பின் அச்சில் மிஞ்சுவது 280 கிலோ. அவ்வளவு லேசான அச்சில் நீ பிரேக்கைக் கூட்டியிருக்கிறாய், முன்னால் கூட்டவில்லை. முன் சக்கரம் முதலில் பூட்டினால் (சுற்றாமல் நின்றுவிட்டால்) வண்டி நேராக இழுத்துக்கொண்டு போகும், காலைத் தளர்த்தினால் திரும்பக் கைக்கு வரும். பின் சக்கரம் முதலில் பூட்டினால் வால் முன்னே வந்துவிடும். ஏபிஎஸ்ஸும் இல்லை.

எண்ணெய்க் கை:

ஐயா, வண்டியை இறக்கியதால் பாரம் சாய்வது குறையுமே? அது பின் பிரேக்குக்குச் சாதகம்தானே?

பழைய ஸ்பேனர்:

குறையும், ஆனால் கணக்குப் போட்டுப் பார். 30 மி.மீ.க்கு 13 கிலோதான். 280 என்பது 293 ஆகிறது, 5 சதவீதத்துக்கும் குறைவு. அதே கேலிப்பர், அதே பிஸ்டன் வைத்து டிஸ்க் ஆரத்தை 10 மி.மீ. கூட்டினால் பின் பிரேக் பலம் 9 சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. ஈடாகாது.

அழுத்தம் குறைக்கும் வால்வு போட்டுப் பின்பக்கத்தை அடக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பின் பிரேக்கை அடக்கத்தான் போகிறோம் என்றால் பெரிய டிஸ்க் எதற்கு? 1.8 மாடலின் 255 மி.மீ. முன் டிஸ்க்கையும் பிராக்கெட்டையும் போடு. முன்னும் பின்னும் சேர்ந்து ஏறினால்தான் சமநிலை நிற்கும். இன்னொன்றும் தெரிந்துகொள். பெரிய டிஸ்க் ஒரே ஒரு பிரேக்கில் வண்டியைச் சீக்கிரம் நிறுத்திவிடாது, அது டயரின் வேலை. இறக்கத்தில் அடுத்தடுத்துப் பிடிக்கும்போது சூட்டைத் தாங்கும், அதுதான் லாபம்.

ரோட்ஸ்டர் பித்தன்:

புரிந்தது ஐயா. வண்டியை ஸ்டாண்டிலேயே நிறுத்திவிட்டு முன் டிஸ்க், பிராக்கெட், பேட் மூன்றையும் வாங்கிப் போட்டுவிட்டேன். புஷ் போல்ட்டுகளைத் தரையில் நிற்கும் உயரத்தில் மறுபடி முடுக்கினேன். பின்பக்கம் உண்மையிலேயே சற்று இறங்கி உட்கார்ந்தது. அலைன்மென்ட்டில் வலது பின் சக்கரம் வெளியே பார்த்திருந்தது தெரிந்தது, சரிசெய்தாயிற்று. ஆள் நடமாட்டமே இல்லாத மூடிய மைதானத்தில் நனைந்த தரையில் மெதுவான வேகத்தில் பிடித்துப் பார்த்தேன். முன் சக்கரம்தான் முதலில் பூட்டுகிறது, வால் அசையவில்லை. கடைசிச் சந்தேகம்: புது பேடை எப்படிப் பழக்குவது? அடுத்த முறை டாட் 5 ஆயில் போடலாமா?

எண்ணெய்க் கை:

டாட் 5 வேண்டாம். அது சிலிக்கான், உங்கள் டாட் 4 ஆயிலோடு கலக்கக் கூடாது. அதிகச் சூடு தாங்க வேண்டுமானால் டாட் 5.1 எடுங்கள், அது கிளைக்கால் வகைதான், கலக்கலாம். டாட் 4 புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் இழுத்த பிறகு அந்த வரம்பு 155 ஆகிவிடும். எனவே நல்ல ஆயில் தேடுவதைவிடக் காலத்துக்கு மாற்றுவதே மேல்.

பழைய ஸ்பேனர்:

பேடுக்கு: காலியான சாலையில் 60 கி.மீ. வேகத்திலிருந்து 15 வரை நிதானமாக இறக்கு, முழுக்க நிறுத்தாதே. கொஞ்ச தூரம் ஓடவிட்டு மறுபடி. ஏழெட்டு முறை செய்தபின் பிரேக் தொடாமல் ஓட்டி ஆறவிடு. சூடு இருக்கும்போது பெடலை மிதித்தபடி நிற்காதே, ஹேண்ட்பிரேக்கும் இழுக்காதே. பேட் அழுந்திய இடத்தில் டிஸ்க்கில் தடம் விழுந்து, பிறகு பெடல் அதிரும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட், காயிலோவர் மேல் நட், அந்த வட்டத் தகடு போல்ட்டுகள் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்ச்சால் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு எழுது.