பேண்ட்சாவில் வயிறு தள்ளி வந்த பலகை: உங்களுக்கு எப்படி நடந்தது?

திருமங்கலம்

மாமா வீட்டை இடித்தபோது எடுத்து வைத்த தேக்கு நிலைக்கால் அது. ஐந்தரை அங்குல அகலம், முழுக்க வைரம், வெள்ளை துளிகூட இல்லை. சாமி அலமாரிக்குக் கதவு செய்ய அதை நெட்டுவாக்கில் பிளந்து தரச் சொன்னார். என்னுடையது 14 அங்குல பேண்ட்சா, இரண்டு சக்கரத்தில் பட்டையாகச் சுற்றி ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். அரை அங்குல பிளேடு, அங்குலத்துக்கு 10 பல், என்ன மாட்டியிருந்ததோ அதிலேயே விட்டேன். மேலே கோடு பிசகவில்லை. நிறுத்திவிட்டுப் பிரித்துப் பார்த்தால் அகலத்தின் நடுவில் ஒரு பலகை 2 நூல் (கால் அங்குலம்) வயிறு தள்ளி நிற்கிறது, மற்றது அதே அளவு குழிந்து கிடக்கிறது. மாமா அதன்மேல் ஒரு தடவை கையைத் தடவினார். ஒன்றும் சொல்லவில்லை. சுவரில் சாத்தி வைத்துவிட்டு "டீ குடிக்கலாம் வா" என்றார். அந்தக் கை தடவிய விதம் இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அப்புறம் அங்குலத்துக்கு 3 பல் உள்ள பிளேடு புதிதாக வாங்கி, வயிறு தள்ளிய பலகையையே மறுபடி அறுத்தேன். பாதியில் 'டிக்' என்று ஒரு சத்தம், கணு என்று நினைத்துத் தள்ளிவிட்டேன். வயிறு போய்விட்டது, ஆனால் அதிலிருந்து பிளேடு இடப்பக்கமாகவே இழுக்கிறது. வேஸ்ட் கட்டையில் கோடு போட்டு, ஃபென்ஸ் (மரத்தை அணைத்துத் தள்ளும் நேர்த்தடுப்பு) இல்லாமல் கையால் கோட்டோடு தள்ளி, பாதியில் நிறுத்தி, கட்டை எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதே சாய்வுக்கு ஃபென்ஸைத் திருப்பி வைத்தேன். இப்போது நேராகப் போகிறது. ஆனாலும் மிச்சம் இருக்கும் இன்னொரு நிலைக்காலைத் தொடப் பயமாக இருக்கிறது.

உசிலம்பட்டி

அண்ணே, 10 பல்லை மாற்றியது சரி. அவ்வளவு அகலத்தில் சின்னப் பல்லுக்கு நடுவே தூள் அடைத்துக்கொண்டால் பிளேடு வளையாமல் என்ன செய்யும். ஆனால் ஃபென்ஸைச் சாய்த்ததை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நானும் ஒரு வருஷம் அப்படித்தான் செய்தேன், பிளேடு மாற்றும்போதெல்லாம் புதுச் சாய்வு, பாதி நாள் அதிலேயே போகும்.

ஒருநாள் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியைத் திறந்து மேல் சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பிளேடு லேசாகத் துள்ளுகிறது. ரப்பர்மேல் புளியங்கொட்டை அளவுக்கு வேப்பம்பிசினும் தூளும் சேர்ந்து கல்லாக இறுகிக் கிடந்தது. நகத்தைக் கொடுத்து நெம்பினேன், பொட்டென்று கழன்று வந்தது. இந்தத் துணுக்குக்கா இத்தனை வேம்பை வீணாக்கினேன் என்று வயிறெரிந்தது. அதோடு பிளேடு பின்னால் தள்ளி ஓடிக்கொண்டிருந்தது. சக்கரத்து ரப்பர் நடுவில் மேடாக இருக்கும், பல்லுக்கு அடியில் உள்ள பள்ளம் அந்த மேட்டில் உட்கார வேண்டும். பிளேடு ஓடும் இடத்தை மாற்றும் டிராக்கிங் திருகைக் கொஞ்சங் கொஞ்சமாகத் திருப்பி அங்கே கொண்டுவந்தேன். ஃபென்ஸை நேராகவே வைத்து அறுக்கிறேன், இழுப்பே இல்லை. நோயைச் சக்கரத்தில் வைத்துக்கொண்டு மருந்தை ஃபென்ஸுக்குக் கொடுக்காதீர்கள்.

மேலூர்

எனக்கு நேர் அறுப்பே கிடையாது, குழந்தைகளுக்கு மரப்பொம்மை செய்கிறேன். 2 நூல் அகல பிளேடு. யானைத் தும்பிக்கையின் உள்வளைவில் 'டொப்' என்று வெடித்தது பாருங்கள், கையில் பாதி யானையோடு அப்படியே நின்றுவிட்டேன். வாசலில் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். அறுந்த முனை என் இடது கைக்கு நாலு விரற்கடை தள்ளிக் கிடந்தது.

தப்பு மூன்றும் என்னுடையவை. வேலை செய்ய வசதி என்று மேல் கைடை (பிளேடு விலகாமல் பிடிக்கும் பாகம்) 4 அங்குலம் தூக்கி வைத்திருந்தேன், மரத்துக்கு மேல் 2 நூல் போதும். பின் பேரிங் பிளேடின் முதுகைச் சும்மாவே அழுத்திக்கொண்டிருந்தது, மரம் தள்ளும்போது மட்டும்தான் தொட வேண்டும், மற்ற நேரம் ஒரு தாள் இடைவெளி வேண்டும். அப்புறம் 2 நூல் பிளேடு 5 நூல் ஆரத்துக்குக் குறைந்த வளைவில் திரும்பாது, நான் முறுக்கித் திருப்பினேன். இப்போது உள்வளைவு வந்தால் வெளியிலிருந்து நாலைந்து வெட்டு முதலில் போட்டுவிட்டுத்தான் வளைக்கிறேன்.

செல்லூர்

நீங்கள் இருவரும் ஃபென்ஸா சக்கரமா என்று வாதாடுகிறீர்கள், பிளேடை யாரும் பார்க்கவில்லை. அப்பா சாமில்லில் முப்பது வருஷம் பிளேடுக்குச் சாணை பிடித்தவர். மரம் ஒரு பக்கம் இழுக்கிறது என்று யார் வந்தாலும் மெஷினைக் கேட்க மாட்டார், பிளேடைக் கழற்றி வா என்பார். வெயிலில் பிடித்துப் பார்ப்பார். மழுங்கிய முனை வெள்ளையாக மின்னும், கூரான முனை மின்னாது. ஒரு பக்கத்துப் பல் மழுங்கினால் பிளேடு கூரான பக்கம் போகும், அவ்வளவுதான்.

கேட்காமலே சொல்கிறேன், தம்பிமார் கோபிக்க வேண்டாம். வயிறு தள்ளுவது வேறு, பக்கவாட்டில் இழுப்பது வேறு. வயிறு தள்ளினால் பிளேடின் டென்ஷன் (இறுக்கம்) குறைவு, பல் அதிகம், பல் மழுங்கல், இல்லையென்றால் அவசரமாகத் தள்ளியிருப்பீர்கள். மெஷினில் உள்ள டென்ஷன் முள்ளை நம்பாதீர்கள், அந்த ஸ்பிரிங் வயதானால் தளர்ந்துவிடும். மெஷின் நின்றிருக்கும்போது மேல் கைடை 6 அங்குலம் தூக்கி, விரலால் பிளேடைப் பக்கவாட்டில் அழுத்துங்கள், 2 நூலுக்கு மேல் வளையக் கூடாது. பக்கக் கைடு இரண்டும் பல் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும், முன்னால் வந்தால் பல் இருபக்கமும் விரிந்து நிற்கும் விரிப்பைத் தின்றுவிடும். மேசை பிளேடுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்று மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். புது பிளேடின் முதுகு முனைகளை ஓடும்போதே சாணைக்கல்லால் மெல்ல மழுக்கினால் வளைவில் சுலபமாகத் திரும்பும், தூளையெல்லாம் கூட்டிவிட்டுச் செய்யுங்கள், பொறி பறக்கும். ராத்திரி டென்ஷனைத் தளர்த்திவிட்டுப் போங்கள். திருமங்கலம் தம்பி, பழைய நிலை என்கிறீர்கள், அந்த 'டிக்' கணுவாக இருக்காது.

திருமங்கலம்

கழற்றி வெயிலில் பிடித்தேன். வலப்பக்கப் பல் வரிசை முழுக்க மின்னுகிறது. உசிலம்பட்டித் தம்பி, சக்கரத்தையும் பார்த்தேன், உங்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும் பிசின் இருந்தது, சுரண்டிவிட்டேன்.

மிச்சமிருந்த நிலைக்காலில் காந்தத்தைத் தேய்த்துக்கொண்டே போனேன், இரண்டு இடத்தில் ஒட்டியது. மேலே பெயிண்ட் பூசியிருந்ததால் கண்ணுக்குத் தெரியவில்லை. மாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மாவிலைத் தோரணம் கட்ட அப்பா அடித்த ஆணிடா" என்றார். தலை ஒடிந்து உள்ளே நின்றிருக்கிறது. உளியால் சுற்றிலும் தோண்டி அவரே இடுக்கி போட்டுப் பிடுங்கினார். பிளேடு சாணைக்குப் போயிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை அறுக்கிறோம். அவரும் கூட நிற்கிறேன் என்றிருக்கிறார்.